கார்ல்ஸ்ரூ வகுப்பறையில் சிக்னல் தேடியவர்

வரவேற்பறையில் முழுச் சிக்னல். சமையலறை வாசலில் கொஞ்சம் குறைவு. படுக்கையறையில் கட்டிலில் சாய்ந்தால் ஒரே ஒரு கோடு. தலையணையை ஒரு சாண் தள்ளிப் போட்டால் மறுபடியும் மூன்று கோடு. வீட்டில் வைஃபை வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. மாதக் கட்டணம் ஒழுங்காகக் கட்டுகிறோம், ரவுட்டரில் விளக்கும் பச்சையாகத்தான் எரிகிறது. ஆனாலும் இணையவழிப் பாடத்தின் நடுவில் விரிவுரையாளரின் முகம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது.

ஓர் அறைக்குள் ஓரிடத்தில் அலை வலுவாகவும் இரண்டடி தள்ளிப் பலவீனமாகவும் இருப்பதை முதன்முதலில் அளந்து பார்த்தவருக்கு இணையம் என்றால் என்னவென்று தெரியாது. வானொலியைக்கூட அவர் கேட்டதில்லை. அவர் இறந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ரவுட்டர் பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறார்களே, அந்தச் சொல்லில் பாதி அவருடைய பெயர். அவர் வாழ்க்கையைப் படித்தால் வீட்டு வைஃபையைச் சரிசெய்யும் வழியும் சேர்த்தே கிடைக்கிறது என்பதால் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

ஹைன்ரிச் ருடால்ஃப் ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22ஆம் தேதி ஹம்பர்க் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், பின்னாளில் நகரின் செனட்டராகவும் ஆனார். தந்தைவழிக் குடும்பம் யூத மரபிலிருந்து கிறிஸ்துவத்துக்கு மாறிய குடும்பம். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும். ஐந்து பிள்ளைகளில் ஹைன்ரிச்தான் மூத்தவர். பள்ளியில் மொழிப் பாடங்களில் கெட்டிக்காரர். அரபு மொழியைக்கூட விரும்பிப் படித்தார். இன்னொரு பக்கம் கைவேலையிலும் அதே ஆர்வம். மரவேலை செய்தார், கடைசல் இயந்திரத்தில் உருளைகளைக் கடைந்தார், தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்துகொண்டார். அவர் பேராசிரியர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்ட பழைய கடைசல் ஆசான், நல்ல ஒரு கடைசல்காரன் வீணாகிவிட்டானே என்று வருந்தியதாக ஒரு கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது அந்தக் கைகள்தாம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பொறியாளர் ஆவதென்று கிளம்பினார். ஃபிராங்ஃபர்ட்டில் பயிற்சி, டிரெஸ்டனில் சில காலம் படிப்பு, பிறகு ஓராண்டு ராணுவச் சேவை. நம் ஊர்ப் பையன்கள் தேசிய சேவையை முடித்துவிட்டு எந்தப் படிப்பில் சேர்வது என்று குழம்புவதைப் போலத்தான் அவருக்கும் நடந்தது. 1877இல் மியூனிக்குக்குப் போனவர், பொறியியலில் சேரும் நேரத்தில் மனம் மாறினார். இயற்பியல் படிக்க அனுமதி கேட்டுத் தந்தைக்கு நீண்ட கடிதம் எழுதினார். வருமானம் உறுதியான ஒரு தொழிலை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு துறைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்வது எந்தக் காலத்திலும் எளிதல்ல. தந்தை சம்மதித்தார்.

அடுத்த ஆண்டே பெர்லின். அங்கே ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய விஞ்ஞானி அவரைக் கண்டுகொண்டார். மாணவராகச் சேர்ந்த குறுகிய காலத்திலேயே ஹெர்ட்ஸ் ஓர் ஆய்வுப் பரிசை வென்றார். 1880இல் முனைவர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 23தான். இடையில் 1879இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு கேள்வியை அவர் முன் வைத்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல், மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாகப் பரவ முடியும், அந்த அலை ஒளியின் வேகத்தில் போகும், ஒளியே அப்படிப்பட்ட அலைதான் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். கணக்கு அழகாக இருந்தது. ஆனால் அப்படியோர் அலையை உண்டாக்கி அளந்து காட்டியவர் எவரும் இல்லை. மேக்ஸ்வெல்லின் கருத்தைச் சோதிக்கும் ஒரு சிக்கலுக்குப் பெர்லின் அறிவியல் கழகம் பரிசு அறிவித்திருந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ், நீ முயன்று பாரேன் என்றார். ஹெர்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். கையிலுள்ள கருவிகளால் கிடைக்கக்கூடிய விளைவு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது என்று வந்தது. மரியாதையாக மறுத்துவிட்டார்.

அந்த மறுப்புக்கும் வெற்றிக்கும் நடுவே ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 1883இல் கீல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அங்கே நல்ல ஆய்வகம் இல்லை, காகிதத்தில் கணக்குப் போட்டே காலம் போனது. கை பரபரக்கும் ஒருவருக்கு அது தண்டனை போலத்தான் இருந்திருக்கும். 1885இல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. அங்கே ஆய்வகத்தில் கருவிகள் நிறைய இருந்தன. மறு ஆண்டு, அதே கல்லூரியில் பணியாற்றிய மாக்ஸ் டால் என்பவரின் மகள் எலிசபெத்தை மணந்துகொண்டார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் அது நடந்தது.

வகுப்பில் செய்து காட்டுவதற்காக வைத்திருந்த ஒரு ஜோடிக் கம்பிச் சுருள்களை அவர் எடுத்தார். ஒன்றில் மின்பொறி பாய்ந்தபோது, அதனோடு இணைப்பே இல்லாத மற்றொன்றிலும் சின்னஞ்சிறு பொறி தெறித்தது. இதற்குப் பெரிய மின்கலம் வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தவருக்குச் சிறிய ஒன்றே போதுமானதாக இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் முடியாது என்று ஒதுக்கிவைத்த வேலைக்குக் கருவி கிடைத்துவிட்டது என்று அப்போது புரிந்தது. அடுத்த மூன்றாண்டுகள் அவர் அதை விடவில்லை.

கருவி மிக எளிது. அனுப்பும் பக்கம், ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளச் செம்புக் கம்பி, இரு முனைகளிலும் பெரிய துத்தநாக உருண்டைகள், நடுவில் ஒரு சிறு இடைவெளி. தூண்டு சுருள் ஒன்று அந்த இடைவெளியில் பொறியைத் தெறிக்க வைக்கும். வாங்கும் பக்கம், வெறும் ஒரு கம்பி வளையம். அதிலும் ஒரு இடைவெளி, ஆனால் தலைமுடியைவிட மெல்லியது. திருகாணியைத் திருகித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். அலை வந்தால் அங்கே ஒரு பொறி மின்னும். அவ்வளவுதான் அவருடைய சிக்னல் மீட்டர். அதில் கோடும் இல்லை, எண்ணும் இல்லை. இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, அந்தப் பொறி தெரிகிறதா, எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் முதல் கோளாறு வந்தது. பொறி சரியாகத் தெரியவில்லை என்று வாங்கும் கருவியை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்தார். வெளிச்சம் மறைந்தால் நன்றாகத் தெரியும் என்பது எண்ணம். ஆனால் பெட்டிக்குள் போனதும் பொறி சிறியதாகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்போம். ஹெர்ட்ஸ் முக்கிய ஆய்வை நிறுத்திவிட்டு, இதற்கு மட்டுமே பல மாதங்களைச் செலவழித்தார்.

எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக நீக்கிப் பார்த்தார். அனுப்பும் பொறியைப் பார்த்திருந்த பக்கம் மட்டுமே காரணம் என்று தெரிந்தது. அந்த இடத்தில் உலோகத்தை வைத்தார், மரத்தை வைத்தார், எல்லாம் தடுத்தன. கண்ணாடி வைத்தார், அதனூடே வெளிச்சம் நன்றாகத் தெரிந்தும் அதுவும் தடுத்தது. படிகக்கல்லை வைத்தார், அது தடுக்கவில்லை. கண்ணாடி மறித்துப் படிகக்கல் விடுவது எது? புற ஊதா ஒளி. அனுப்பும் பொறியிலிருந்து வந்த கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, வாங்கும் பொறி எளிதாகத் தெறிக்க உதவிக்கொண்டிருந்தது. பெட்டி அதை மறைத்ததால் பொறி சுருங்கியது. 1887இல் இதை ஒரு கட்டுரையாக எழுதிவிட்டு, காரணம் என்ன என்று ஊகிக்காமல், மீண்டும் அலைகளிடம் திரும்பினார். இன்று அதை ஒளிமின் விளைவு என்கிறோம். அதற்கு 1905இல் விளக்கம் கொடுத்தவர் ஐன்ஸ்டைன். அவருக்கு நோபெல் பரிசு வாங்கிக் கொடுத்ததும் அதுதான். ஹெர்ட்ஸைப் பொறுத்தவரை அது வழியில் கிடந்த ஒரு கோளாறு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அவர் செய்தது அதுதான், நாம் வீட்டில் செய்யத் தவறுவதும் அதுதான். இணையம் நின்றால் ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம், கைப்பேசியையும் அணைத்துப் போடுகிறோம், இடத்தையும் மாற்றுகிறோம், கடவுச்சொல்லையும் மாற்றுகிறோம். சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. மறுநாள் மறுபடியும் நிற்கும். முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு மடிக்கணினியைக் கம்பி வழியாக நேராக ரவுட்டரில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். கம்பியிலும் விட்டு விட்டு வந்தால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில் அல்லது ரவுட்டரிலேயே இருக்கிறது. வீட்டுக்குள் எதை நகர்த்தியும் பயனில்லை, சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான். கம்பியில் ஒழுங்காக இருந்து காற்றில் மட்டும் தடுமாறினால், அது ஹெர்ட்ஸின் கேள்வி. கைப்பேசி ஒன்றில் மட்டும் தடுமாறி மற்றவற்றில் சரியாக இருந்தால், அந்தக் கைப்பேசியின் பிரச்சினை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அலைக்கு வேகம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். உடனே போய்ச் சேர்கிறது என்றால் மேக்ஸ்வெல் தவறு. நேரம் எடுத்துக்கொள்கிறது என்றால் மேக்ஸ்வெல் சரி. 1887 முடியும் நேரத்தில் ஹெர்ட்ஸ் இதைச் சோதித்தார். கம்பி வழியே ஓர் அலையையும் காற்று வழியே ஓர் அலையையும் அனுப்பி, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பார்த்தார். முதலில் வந்த முடிவு, காற்றில் போகும் அலைக்கு வேகத்தின் எல்லையே இல்லை என்பதுபோல இருந்தது. மனம் உடைந்து ஆய்வை நிறுத்திவிட்டார். சில வாரங்கள் எதையும் தொடவில்லை. பிறகு, மேக்ஸ்வெல் தவறு என்று காட்டினால் அதுவும் ஒரு முடிவுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். இம்முறை கவனமாக அளந்ததில், காற்றிலும் அலை குறிப்பிட்ட வேகத்தில்தான் போகிறது என்று வந்தது.

அந்த அளவுகள் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணில் வேறு சில விஷயங்கள் பட்டன. இரும்புத் தூண்களுக்குப் பின்னால் பொறி மங்கியது, நிழல் விழுந்ததுபோல. சில சுவர்களுக்கு அருகில் போனால், தூரம் கூடியும் பொறி வலுத்தது. அப்படியானால் சுவர் அலையைத் திருப்பி அனுப்புகிறதா?

1888இல் அவர் கல்லூரியின் பெரிய விரிவுரைக்கூடத்தையே ஆய்வகமாக்கினார். நீளம் 15 மீட்டர், அகலம் 14 மீட்டர், உயரம் 6 மீட்டர். ஆனால் இரண்டு பக்கமும் இரும்புத் தூண் வரிசை இருந்ததால் பயன்பட்ட அகலம் எட்டரை மீட்டர்தான். தொங்கிக்கொண்டிருந்த எரிவாயு விளக்குகளைக் கழற்றினார். ஒரு பக்கச் சுவரில் 4 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலமுள்ள துத்தநாகத் தகட்டை நிறுத்தினார். அதிலிருந்து சுமார் 13 மீட்டர் தள்ளி அனுப்பும் கருவி. பிறகு கம்பி வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இருட்டில், தகட்டை நோக்கி அடி அடியாக நடந்தார்.

பொறி வலுத்தது, மங்கியது, மறைந்தது. மறுபடியும் வலுத்தது. போகும் அலையும் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று தூக்கிவிட்டன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. அழியும் இடத்துக்கும் அடுத்த அழியும் இடத்துக்கும் நடுவே 4.8 மீட்டர். அது அரை அலைநீளம். முழு அலைநீளம் 9.6 மீட்டர். அலை என்று காகிதத்தில் இருந்ததை ஒருவர் காலால் நடந்து அளந்துவிட்டார்.

வீட்டில் தலையணையை ஒரு சாண் நகர்த்தினால் சிக்னல் கூடுவது இதே காரணத்தால்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 சென்டிமீட்டர். அழியும் இடங்கள் அதில் பாதித் தூரத்துக்கு ஒன்றாக வரலாம். ஹெர்ட்ஸ் 4.8 மீட்டர் நடக்க வேண்டியிருந்தது, நமக்கு நான்கு விரல் அகலம். நம் வீட்டில் ஒரே ஒரு தகடு இல்லை. அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி, சன்னல் கிராதி எல்லாம் சேர்ந்து அலையைப் பந்தாடுகின்றன. இன்றைய ரவுட்டர்களில் பல ஆன்டெனாக்கள் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஓர் ஆன்டெனா பள்ளத்தில் மாட்டினாலும் மற்றொன்று மேட்டில் இருக்கும். ஆகவே சிக்னல் இல்லை என்று புதுக் கருவி வாங்க ஓடுமுன், ரவுட்டரை அதே மேசையில் ஓரடி நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

ஹெர்ட்ஸுக்கு எல்லாம் ஒழுங்காக வந்துவிடவில்லை. கம்பியில் போகும் அலையின் வேகம் அவருடைய அளவில் விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் என்றும், காற்றில் 3 லட்சத்துக்குச் சற்று அதிகம் என்றும் வந்தது. மேக்ஸ்வெல்லின் கணக்குப்படி இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்குமேல் அவருடைய கணக்கிலேயே ஒரு பிழை இருப்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்கரே சுட்டிக்காட்டினார். ஹெர்ட்ஸ் மறைக்கவில்லை. ஆய்வுகளைத் தொகுத்து நூலாக்கியபோது முன்னுரையிலேயே அதை ஒப்புக்கொண்டார், பழைய கட்டுரைகளைத் திருத்தி மழுப்பவுமில்லை. வேக வேறுபாட்டுக்குக் காரணம் அறைதான் என்று பின்னர் தெளிவானது. பத்து மீட்டர் நீள அலைக்கு 15 மீட்டர்க் கூடம் போதாது. சுவரும் இரும்பும் குறுக்கே புகுந்து அளவைக் கெடுத்திருந்தன. ஜெனிவாவில் சரசின், டி லா ரிவ் இருவரும் பெரிய கூடத்தில் 1893இல் செய்து பார்த்தபோது இரண்டு வேகமும் ஒன்றாகவே வந்தன.

அறையைப் பெரிதாக்க முடியாது என்றால் அலையைச் சிறிதாக்கலாமே? 1888 கடைசியில் ஹெர்ட்ஸ் செய்தது அதுதான். அலைநீளத்தை 66 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்தார். இரண்டு மீட்டர் உயரத் துத்தநாகத் தகடுகளை வளைத்து, டார்ச்லைட்டின் பின்புறம்போல இரண்டு குழியாடிகள் செய்தார். ஒன்றின் குவியத்தில் அனுப்பும் கருவி, மற்றொன்றில் வாங்கும் கருவி. இப்போது அலை ஒரு கற்றையாகப் போனது. அடுத்தடுத்து அவர் செய்து பார்த்த சோதனைகள், ஒரு வீட்டுக்குள் வைஃபைக்கு என்னென்ன நேரும் என்பதன் பட்டியல்போலவே இருக்கின்றன.

நடுவிலிருந்த மரக் கதவைச் சாத்தினார். மூடிய அறைக்குள்ளும் பொறி தெறித்தது. உலோகத் தகட்டை நிறுத்தினார், அடியோடு நின்றது. உதவியாளரைக் கற்றையின் குறுக்கே நடக்கச் சொன்னார். மனிதர் மறைத்த கணத்தில் பொறி அணைந்தது, விலகியதும் வந்தது. கீல் என்னும் கரிய பிசினை வார்த்து ஒன்றரை மீட்டர் உயர முப்பட்டகம் செய்தார்; எடை அரை டன்னுக்கு மேல். ஒளி கண்ணாடிப் பட்டகத்தில் வளைவதுபோல அலை அதில் வளைந்தது. மரச்சட்டத்தில் மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் செம்புக் கம்பிகளைக் கட்டி வீணைபோல நிறுத்தினார். கம்பிகள் குறுக்காக இருந்தால் அலை போனது, அலையின் திசையிலேயே நின்றால் தடுக்கப்பட்டது. ஓர் ஆடியை மட்டும் படுக்கவைத்தபோதும் பொறி மறைந்தது.

சிங்கப்பூரில் 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்ட்டர் இருக்கும். தடித்த கான்கிரீட் சுவர், அதற்குள் இரும்புக் கம்பிவலை, இரும்புக் கதவு. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பலர் ரவுட்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஹெர்ட்ஸின் துத்தநாகத் தகடு செய்ததை அந்தக் கதவு செய்யும். வெளியே எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், இடுப்புக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே பாதி வைத்தியம். தொலைக்காட்சிக்குப் பின்னால் வேண்டாம், அது ஒரு உலோகப் பலகை. மீன்தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும், அந்த உதவியாளர் மறைத்ததற்கும் உடலில் உள்ள தண்ணீருக்குத் தொடர்பு உண்டு. தீபாவளிக்கு வீடு நிறைய உறவினர் வந்தால் வைஃபை மந்தமாவதற்குக் காரணம் எல்லாரும் யூடியூப் பார்ப்பது மட்டுமல்ல. ரவுட்டரின் ஆன்டெனாக்கள் எல்லாவற்றையும் ஒரே திசையில் நிறுத்தாமல் ஒன்றையாவது சாய்த்து வைக்கச் சொல்வது, படுக்கவைத்த ஆடியின் கதைதான்.

மலேசியாவில் தரைவீடுகளிலும் மாடிவீடுகளிலும் வேறு சிக்கல்: நீளம். முன்வாசலில் ரவுட்டர், பின்கட்டில் படிக்கிற பிள்ளை, நடுவே மூன்று செங்கல் சுவர். அங்கே 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 சுவரைத் தாண்டிப் போகும், வேகம்தான் குறைவு. சிக்னல் பெருக்கி வாங்குபவர்கள் அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே செருகிவிடுகிறார்கள். வராத சிக்னலை அது எங்கிருந்து பெருக்கும்? வலுவாக இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஹெர்ட்ஸ் கவனித்தார். வளையத்தின் அளவு, அனுப்பும் கருவியின் அலைவோடு ஒத்துப்போனால்தான் பொறி நன்றாகத் தெறிக்கும். அதற்கென்றே 35 சென்டிமீட்டர் ஆரம் என்று தேர்ந்தெடுத்தார். அதாவது அலைவரிசை பொருந்த வேண்டும். அவர் ஊரில் அனுப்பும் கருவி உலகத்திலேயே ஒன்றுதான், போட்டிக்கு ஆளில்லை. நம் அடுக்குமாடியில் கைப்பேசியைத் திறந்தால் இருபது வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாக வருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத வரிசைகள் 1, 6, 11 என மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. அம்மா சோற்றைச் சூடுபண்ணும்போது மட்டும் பாடம் நிற்கிறதென்றால் ரவுட்டர்மேல் பழியில்லை. இரவில் மட்டும் மெதுவாகிறதென்றால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் அது. ரவுட்டருக்குப் பக்கத்து அறைகளில் இருப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்வதே நல்லது. சுவர் அந்த அலையைத் தடுக்கிறது என்று குறைபட்டோமே, அதே சுவர் பக்கத்து வீட்டு அலையையும் தடுக்கிறது.

தன் அலைகளால் செய்தி அனுப்பலாம் என்று ஹெர்ட்ஸ் எண்ணவில்லை. 1889 டிசம்பரில் ஹூபர் என்ற பொறியாளர், இதைத் தொலைபேசிக்குப் பயன்படுத்த முடியுமா என்று கடிதம் எழுதிக் கேட்டார். ஹெர்ட்ஸ் கணக்குப் போட்டுப் பதில் எழுதினார்: பேச்சொலியின் அதிர்வெண்ணில் அலை அனுப்பினால் அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும், அதைக் குவிக்கக் கண்டம் அளவு ஆடி வேண்டும் என்று. கேட்ட கேள்விக்குக் கணக்கு சரிதான். வேகமான அலையின்மேல் குரலை ஏற்றி அனுப்பலாம் என்பது பிறகு வந்தவர்களின் வேலை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ஹெர்ட்ஸின் அலையை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கினார். இத்தாலியில் மார்க்கோனி என்ற இளைஞர், ஹெர்ட்ஸின் இறப்பையொட்டி வெளிவந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

ஆம், இறப்பு. 1889இல் பான் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஐரோப்பா முழுக்கப் பெயர் பரவியது, 1890இல் லண்டன் ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. கார்ல்ஸ்ரூவில் 1887இல் மூத்த மகள் யோஹன்னா பிறந்திருந்தாள். 1891இல் மத்தில்டே பிறந்தாள். 1892இல் மூக்கு, தொண்டைப் பகுதியில் ஒரு நோய் தொடங்கியது. பலமுறை அறுவை சிகிச்சை செய்தும் குணமாகவில்லை. வலியோடு இயந்திரவியல் பற்றி ஒரு நூலை எழுதி முடித்தார். 1893 டிசம்பர் தொடக்கம்வரை வகுப்பெடுத்தார். அதே மாதம் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்கு ஏதாவது நேர்ந்தால் துக்கப்பட வேண்டாம், குறுகிய காலம் வாழ்ந்தாலும் நிறைவாக வாழ்ந்தவர்களில் ஒருவன் என்று கொஞ்சம் பெருமைப்படுங்கள் என்பது அதன் சாரம். 1894 ஜனவரி முதல் தேதி இறந்தார். வயது 36. மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று நிறையவில்லை. மாணவனைப் புதைத்த துயரத்தோடு, ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்தக் கடைசி நூலுக்கு முன்னுரை எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

அந்த நூலைப் பதிப்பித்தவர் பானில் ஹெர்ட்ஸுக்கு உதவியாளராக இருந்த ஃபிலிப் லெனார்டு. 1905இல் நோபெல் பரிசு பெற்றவர். பிற்காலத்தில் ஹிட்லரை வெளிப்படையாக ஆதரித்து, யூதர்களின் அறிவியல் என்று சொல்லி ஐன்ஸ்டைனைத் தாக்கியவரும் அவர்தான். அதே நாஜி ஆட்சியில் மத்தில்டே ஹெர்ட்ஸ் பாதிக்கப்பட்டார். அவர் பெர்லினில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த உயிரியல் அறிஞர். தந்தைவழி யூத மரபைக் காட்டிக் கற்பிக்கும் உரிமையைப் பறித்தார்கள். 1930களின் நடுவில் அவர் இங்கிலாந்து போனார். தாயும் அக்காளும்கூட ஜெர்மனியை விட்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள்.

1960இல் பாரிசில் கூடிய எடை அளவைகள் பொது மாநாடு, அனைத்துலக அலகு முறையில் அதிர்வெண்ணின் அலகாக ஹெர்ட்ஸ் என்ற பெயரை ஏற்றது. அப்போது மத்தில்டே கேம்பிரிட்ஜில் வசித்துவந்தார். 1975இல் அங்கேயே இறந்தார்.